ஆன் ஆகாத பொட்டியும் இலக்கியாவின் காதுகுத்தும்

நைனார்பாளையத்தில் தேவிப்ரியாவுக்குப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. முகம் தெரிந்தவர்கள் ஏராளம். பேனர் டிசைன் செய்வது அவள் தொழில். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அந்தக் குடும்பம் முதலில் அவள் கம்ப்யூட்டர் திரையில்தான் வரிசையாக வந்து நிற்கும். சின்னசேலம் பஸ்ஸில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், ‘இவருக்குத் தாடைக்குக் கீழே ரெண்டு மடிப்பை எடுத்துவிட்டோமே’ என்று ஞாபகம் வரும். பெயர் வராது. சிரித்துவைப்பாள். அவர்களும், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தபடி சிரித்துவைப்பார்கள்.

பிறந்தது களமருதூரில், நெல் போடும் குடும்பத்தில். கள்ளக்குறிச்சியில் பி.ஏ. வரலாறு படிக்கும்போது சாயங்காலங்களில் டி.டி.பி. கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் வேகமாக டைப் அடிக்கப் பழகியபோது, இவளுக்குப் பிடித்துப்போனது ஆளை மட்டும் வெட்டியெடுக்கும் வேலை. போட்டோவில் இருக்கும் சுவர், கொடிக்கயிறு, பின்னால் எட்டிப் பார்க்கும் மாடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, தலைமுடி ஒன்றுகூடச் சேதமாகாமல் மனிதனைத் தனியே எடுத்து வைப்பாள். அதற்கான பொறுமை அவளிடம் இருந்தது. மற்ற எதற்கும் அவ்வளவு இல்லை.

கட்டிக்கொண்டவன் இளஞ்செழியன். குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். கல்யாணமான இரண்டாம் வருஷம், பழைய டயர் போட்டு வைத்திருந்த முன்னறையைக் காலி செய்து, ஷட்டர் போட்டு, ‘தேவி டிசைன்ஸ்’ என்று போர்டு மாட்டிக் கொடுத்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆபீஸை மூடியபோது விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தன் வண்டியிலேயே, இரண்டு நெல் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்தான். வீட்டில் எல்லோரும் அதைப் ‘பொட்டி’ என்றுதான் சொல்வார்கள்.

பொட்டி பல வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. போன கார்த்திகையில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் நீல விளக்கு எரியும், உள்ளே ஃபேன் சுற்றும், அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் டக்கென்று எல்லாம் அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் அசையாது. கொஞ்ச நேரம் கழித்து, தனக்குள் என்ன நினைத்துக்கொள்ளுமோ, நல்ல பிள்ளையாக எழுந்து சாயங்காலம் வரை உழைக்கும்.

இளஞ்செழியனுக்கு இதில் சந்தேகமே இல்லை. “பனிக்கு எஞ்சின் இறுகிப் போச்சி. காலைல நம்ம வண்டிகூடத்தான் ஒடனே எடுக்காது” என்று சொல்லி, பொட்டியின் விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். சில நாள் அதற்கே எழுந்துவிடும். அன்றைக்கு முழுக்க அவன் நடையே மாறிப்போகும்.

மாமியார் சாலம்மாளின் கணக்கு வேறு. “ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் இதுக்குள்ளதான போட்டு வெச்சிக்கினு இருக்க. அத்தினி கண்ணும் உள்ளயே இருந்தா பொட்டிக்கு இன்னா ஆவும்?” என்று கேட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகாயும் எடுத்துப் பொட்டியைச் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு முதல் அழுத்தலிலேயே அது எழுந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் விஞ்ஞானம் பேச தேவிப்ரியாவுக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

பயத்தில் அவள் பழக்கங்களும் மாறின. எதைச் செய்தாலும் உடனே சேவ் செய்தாள். ஒரு புருவத்தைக் கறுப்பாக்கினால் ஒரு சேவ், மீசையை முறுக்கினால் ஒரு சேவ். பொட்டியை அணைப்பதையே முடிந்தவரை தவிர்த்தாள். ஆனால் கரண்ட் போகாத ஊர் எங்கே இருக்கிறது?

தை மாதம் கண்ணாயிரம் வந்தார். சோளமும் கரும்பும் போடுகிற பெரிய விவசாயி. ஒரு காது கொஞ்சம் மந்தம். மகள் அபிநயாவின் பெண் குழந்தை இலக்கியாவுக்கு மறுநாள் காலையில் காதுகுத்து. பேனர் சொல்வதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள், சின்னதுரை, கொளஞ்சியப்பன். இருவரும் தாய்மாமன்கள். பேனரில் யார் படம் பெரிதாக வருவது என்பதில் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை நடந்து, இன்னும் முடியவில்லை.

“நீயே பாத்துப் போட்டுடும்மா” என்று சொல்லி, போனைக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோக்களை ஏற்றினாள். முதல் மாதிரியாக, குழந்தை இலக்கியா நடுவில் பெரிதாகச் சிரிப்பது போலவும், கீழே ஓரத்தில் எல்லா உறவுக்காரர்களும் பட்டன் அளவு வட்டங்களில் ஒரே வரிசையில் இருப்பது போலவும் போட்டுக் காட்டினாள். கண்ணாயிரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“இதுல நா எங்கம்மா இருக்கன்?”

“இதோ, நாலாவது வட்டம், மாமா.”

“வடைல பருப்பு மாரி இருக்கு. மாமன்காரனுங்க பாத்தா என்னைய வூட்டுக்குள்ள வுட மாட்டானுங்க. பெருசாக்கும்மா.”

அவள் சிரித்தபடி அதைச் சேவ் செய்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டு வந்தது. பொட்டி அணைந்தது. பட்டனை அழுத்தினாள். விளக்கு, ஃபேன், டக். அதோடு சரி.

அரை மணி நேரம் பார்த்தாள். தட்டினாள். சாலம்மாள் உள்ளே இருந்து உப்பு டப்பாவுடன் எட்டிப் பார்த்தாள். மருமகள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வட்டாரத்து கம்ப்யூட்டர் மெக்கானிக் அஜித்துக்கு போன் போட்டாள். அவன் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தான். அங்கே சிக்னல் என்பது காற்றடிக்கிற திசையைப் பொறுத்தது.

“அக்கா, மொதல்ல கரண்ட் குடுக்கற சப்ளை டப்பா நல்லா கீதான்னு பாக்கணும்க்கா. மூடிய கழட்டுங்க. உள்ள பெரிய பிளக்கு ஒண்ணு வரும். அதுல பச்ச ஒயரையும் கருப்பு ஒயரையும்…”

அதோடு நின்றுவிட்டது.

தேவிப்ரியா போனைக் காதில் வைத்தபடியே சாலையைப் பார்த்தாள். எதிரே எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் நூர் முகமது, இவள் முகம் போன போக்கைப் பார்த்து, மீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னா தங்கச்சி, கரண்ட் கம்மியா வருதா?”

“தெரியல பாய். பச்ச ஒயரையும் கருப்பு ஒயரையும்னு சொன்னான். லைன் கட்டாயிடிச்சி.”

“சேக்கணுமா, சேக்கக் கூடாதா?”

“அதத்தான் சொல்லல.”

இருவரும் பொட்டியைப் பார்த்தார்கள். கண்ணாயிரமும் நாற்காலியை நகர்த்தி வந்து பார்த்தார். “ரெண்டையும் வெட்டிப் போடுங்க” என்று யோசனை சொன்னார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

நூர் முகமது சுவரிலிருந்து தொடங்கினார். பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தார். வோல்டேஜ் நன்றாகவே இருந்தது. பொட்டிக்குப் போகும் ஒயரை எடுத்துவிட்டுத் தன் கடையிலிருந்து புதிது கொண்டுவந்து மாட்டினார். டக். எக்ஸ்டென்ஷன் பலகையைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகினார். டக். அதற்குள் அஜித் ஏதோ பாறைமேல் ஏறிச் சிக்னல் பிடித்துவிட்டான் போல. மூச்சு வாங்கக் கூப்பிட்டான்.

“சேத்துப் பாக்கணும்க்கா. ஆனா அந்தப் பிளக்க மதர்போர்ட்லருந்து கழட்டிட்டுத்தான் சேக்கணும். கழட்டாம சேத்துட்டீங்களா?”

“இன்னும் ஒண்ணும் சேக்கல.”

“அல்லா காப்பாத்துனாரு” என்றார் நூர் முகமது, தணிந்த குரலில்.

சுவர்ப் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பெரிய பிளக்கை போர்டிலிருந்து எடுத்தார்கள். சின்ன ஒயர்த்துண்டு ஒன்றை வளைத்துப் பச்சைக்கும் கருப்புக்கும் பாலம் போட்டுவிட்டு, தள்ளி நின்று சுவிட்சைத் தட்டினார்கள். சப்ளை டப்பாவின் ஃபேன் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. நூர் முகமது மீட்டரை வைத்துப் பார்த்து, “இது நல்லாத்தான் கீது. நோவு வேற எங்கயோ” என்றார். தேவிப்ரியா மெமரிப் பட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினாள். எல்லாவற்றையும் சேர்த்து பட்டனை அழுத்தினாள். டக்.

ஆனால் இந்த முறை அவள் நாற்காலியில் உட்காரவில்லை, நின்று கவனித்தாள். திரையில் கம்பெனி பெயர் வரும்போது அணைந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயன்றாள். மறுபடி அதே இடத்தில்தான் அணைந்தது.

“பாய், கரண்ட் கோளாறா இருந்தா முன்னப்பின்ன தான ஆவும்? இது ஒரே எடத்துலதான் சாவுது.”

“ஆமா, அளந்து வெச்ச மாரி.”

அவள் தன் போனைப் பார்த்தாள். அது ஸ்தம்பித்து நின்றால் ஓரத்துப் பட்டனை அழுத்திப் பிடிப்பாள்; அணைந்துவிடும். பொட்டி நின்றுபோனாலும் அதே வேலைதான் செய்வாள். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் டக்கென்று அணையும். இதே டக்.

“பாய்” என்றாள் மெதுவாக, “இத யாரோ அழுத்திப் புடிச்சிக்கினே இருக்காங்க.”

நூர் முகமது அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கண்ணாயிரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

முன்பட்டனிலிருந்து மெல்லிய இரட்டை ஒயர் ஒன்று உள்ளே போய் போர்டில் இரண்டு கம்பிமுனைகளில் செருகியிருந்தது. அதைப் பிடுங்கினாள். அஜித் ஒருமுறை இப்படிச் செய்ததை அவள் பார்த்திருந்தாள். அதேபோல் ஸ்குரு டிரைவரின் நுனியால் அந்த இரண்டு முனைகளையும் ஒரு நொடி தொட்டு எடுத்தாள். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. கம்பெனி பெயர் வந்தது, போனது. விண்டோஸ் வந்தது. பின்னாலேயே அவளுடைய டெஸ்க்டாப் படம், களமருதூர் வயலில் அவள் அப்பா நிற்கிற படம், முழுசாக வந்து நின்றது.

முகப்பு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தாள். பட்டனைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஒரு களிம்பு காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் ஒரு செவ்வந்தி இதழ்கூட இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம். பட்டன் உள்ளே போனால் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்திருக்கிறது. தட்டினால் சில நேரம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

“சந்தனமா தங்கச்சி இது?”

“அவருதான் பாய். வண்டிக்கு வெக்கிற கையாலயே இதுக்கும் வெச்சிருக்காரு.”

“நா ஒண்ணும் சொல்லல” என்று நூர் முகமது மீட்டர் ஒயரைச் சுருட்டிவைத்தார். ஆனால் அவர் தோள்கள் குலுங்கின.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த இளஞ்செழியனிடம் அந்தக் களிம்பைக் காட்டினாள். அவன் அதை முகர்ந்து பார்த்தான். “வண்டிக்கு வருஷா வருஷம் வெக்கிறன். அது ஓடிக்கினுதான கீது” என்றான். பிறகு, “நா தட்டுனப்போல்லாம் எந்திரிச்சிச்சே, அத யாராவது சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். சாலம்மாள் அவனுக்கு ரசம் ஊற்றியபடி, தன் உப்பு மிளகாய்க்கும் இதில் பங்கு உண்டு என்று தொடங்கினாள்.

களிம்பைச் சுரண்டும்போது பட்டனின் மெல்லிய பிளாஸ்டிக் கால் ஒடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஸ்குரு டிரைவரை உள்ளே விட முடியாது. நூர் முகமது தன் கடையிலிருந்து ஒரு காலிங் பெல் சுவிட்சைக் கொண்டுவந்தார். வெள்ளைச் சதுரம், நடுவில் சிவப்பாக மணி படம். அந்த இரட்டை ஒயரை அதில் சேர்த்து மேசை ஓரத்தில் ஒட்டினார். அழுத்தினால் பொட்டி எழுந்தது. அழகாக எழுந்தது. தேவிப்ரியா ஆசைக்கு இரண்டு தடவை அணைத்துவிட்டு எழுப்பிப் பார்த்தாள்.

அப்புறம் வேலை ஓடியது. கார்த்திகையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப்போனதில் அவள் கை பறந்தது. சின்னதுரையைப் பெரிதாக்கினாள். கொளஞ்சியப்பனிடமிருந்து போன் வந்தது, அவனைப் பெரிதாக்கினாள். சின்னதுரையின் மனைவி போனில் வந்து, தன் வீட்டுக்காரர் தலை கொழுந்தன் தோளுக்குக் கீழே தெரிகிறது என்றாள். அவனை ஒரு விரல் மேலே ஏற்றினாள். கண்ணாயிரம் இரண்டு பக்கத்துக்கும் தூது பேசிப் பேசி வியர்த்துப்போனார். குழந்தை இலக்கியா சுருங்கிச் சுருங்கி, இரு மாமன்களின் காதுகளுக்கு இடையே ஒரு நிலாப்போல ஆகிவிட்டாள். கடைசியில், பொழுது சாய்கிற நேரத்துக்கு, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை தேவிப்ரியா ஒரு தடவைகூடச் சேவ் செய்யவில்லை. பயம் போனதும் அந்தப் பழக்கமும் கூடவே போயிருந்தது.

கள்ளக்குறிச்சி பிரிண்டிங் கடையில் ஆறு மணிக்குமேல் ஃபைல் வாங்க மாட்டார்கள். மறுநாள் முகூர்த்த நாள், ஏகப்பட்ட பேனர். இன்னும் நேரம் இருந்தது. “ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து அனுப்பிடறன், மாமா” என்று உள்ளே போனாள்.

கண்ணாயிரத்துக்கும் தாகம். அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. மேசையில் மணி படம் போட்ட சுவிட்ச் இருந்தது. அழுத்தினார். சத்தம் வரவில்லை. தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று, கட்டைவிரலை நன்றாக ஊன்றி, விடாமல் பிடித்தார்.

தேவிப்ரியா சொம்போடு வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது.

“பெல்லு வேல செய்யலம்மா” என்றார் கண்ணாயிரம்.

அவள் சொம்பை மேசையில் வைத்தாள். கத்தவில்லை. கத்தினால் பாதிதான் அவருக்குப் போய்ச் சேரும் என்று தோன்றியது. சுவிட்சை அழுத்திப் பொட்டியை எழுப்பினாள். ஃபைலைத் திறந்தாள். காலையில் சேவ் செய்த முதல் மாதிரி வந்தது. நடுவில் இலக்கியா வாய் நிறையச் சிரிக்க, கீழே பட்டன் அளவு வட்டங்களில் உறவுமுறை எல்லாம். திரும்பச் செய்ய நேரமில்லை.

நடந்ததை அவர் காதருகே குனிந்து விளக்கினாள். கண்ணாயிரம் சுவிட்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

“பசங்ககிட்ட நா அழுத்தினன்னு சொல்லிடாதம்மா.”

“சொல்லல, மாமா. ஆனா அவுங்க கேட்டா?”

“கேக்கட்டும். நா பாத்துக்கறன். இத அனுப்பு.”

மறுநாள் மண்டப வாசலில் பேனர் நின்றது. சின்னதுரை வந்து பார்த்தான். தன் படத்தைத் தேட அவன் குனிய வேண்டியிருந்தது. குனிந்தபோது பக்கத்தில் தம்பியும் குனிந்திருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் பெரியவர் என்று சண்டை போட அங்கே இடமே இல்லை; இருவரும் ஒரே அளவு பருப்பு.

“இன்னாப்பா இது?” என்றான் சின்னதுரை.

“காது யாருக்குக் குத்துறாங்க? உனுக்கா, அவனுக்கா?” என்றார் கண்ணாயிரம், மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. “நாந்தான் இப்பிடிப் போடச் சொன்னன். கொழந்த பெருசா இருக்கட்டும்னு நாந்தான் முடிவு பண்ணன்.”

முந்தின நாள் அவரோடு அல்லாடிய தேவிப்ரியா, பந்தியில் அப்பளத்தை நொறுக்கியபடி தலையைக் குனிந்துகொண்டாள். அபிநயா வந்து அவள் கையைப் பிடித்தாள். “எங்கப்பா இந்தளவுக்கு யோசிப்பார்னு நா நெனைக்கவே இல்லக்கா. எங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் எம்பொண்ண மறந்துட்டு அடிச்சிக்கினாங்க.” தேவிப்ரியா மீதி அப்பளத்தையும் நொறுக்கினாள். அந்தப் பக்கம் தாய்மாமன்கள் ஆளுக்கொரு தொடையாகக் கொடுத்துக் குழந்தையை நடுவே உட்காரவைத்திருந்தார்கள். ஊசி இறங்கியதும் இலக்கியா போட்ட சத்தம் கண்ணாயிரத்துக்குக்கூடக் கேட்டது.

பிறகு கடைக்கு வந்தவர்களெல்லாம் அந்த மணி சுவிட்சை அழுத்தினார்கள். ‘இது பெல் இல்லை’ என்று எழுதி ஒட்டினாள். அப்படியானால் எதற்கு என்று பார்க்க அழுத்தினார்கள். கடைசியில் அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் ஒட்டிவிட்டாள். மலையிலிருந்து இறங்கிவந்த அஜித், புது முன்பட்டன் ஒன்றைக் கொண்டுவந்து, “மாட்டிடவா அக்கா?” என்றான். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் இழுப்பறையைத் திறந்து பொட்டியை எழுப்புவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சேவ் செய்யும் பழக்கமும் திரும்பி வந்துவிட்டது, இப்போது பயமில்லாமல்.

மாசி பிறந்ததும் காலம் தப்பி ஒரு மழை வந்தது. தேவிப்ரியா ஸ்கூட்டியில் சின்னசேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். சாலையோரத்தில் காயப்போட்ட சோளத்தை மூட, கண்ணாயிரமும் இரண்டு மகன்களும் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை ஆளுக்கொரு மூலையாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். காற்று நாலாவது மூலையைத் தூக்கித் தூக்கி அடித்தது.

“தேவி, அந்த மூலய புடிம்மா” என்று கத்தினார் கண்ணாயிரம்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். அச்சடித்த பக்கம் கீழே போயிருந்தது; மடிந்த ஓரத்தில் இலக்கியாவின் சிரிப்பு தெரிந்தது.

“மாமா, திருப்பிப் போடுங்க. பாப்பா மேல வரட்டும்.”

மழை கனத்துவிட்ட நேரத்தில், நாலு பேரும் நனைந்துகொண்டே அதைத் திருப்பிப் போட்டார்கள்.